ஒரு நாள் நாற்காலி

எங்கள் காவேரிப்பட்டினத்து டீக்கடைப் பேச்சில் 'ஒரு நாள் முதல்வர்' என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 'முதல்வன்' படத்து அர்ஜுன்தான். அந்தப் படம் வந்தது 1999 நவம்பரில். அதற்கு ஒன்றே முக்கால் ஆண்டு முன்பே லக்னோவில் அப்படி ஒருவர் பதவியேற்றுவிட்டார் என்றால் இளையவர்கள் நம்புவதில்லை.

1998 பிப்ரவரி 21, இரவு. உத்தரப் பிரதேச ஆளுநர் ரொமேஷ் பண்டாரி, கல்யாண் சிங் அரசை டிஸ்மிஸ் செய்துவிட்டு, ஜகதம்பிகா பாலுக்கு முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். பால் அதுவரை கல்யாண் சிங்கின் மந்திரிசபையில் இருந்தவர். வாஜ்பாய் லக்னோவிலேயே உண்ணாவிரதம் உட்கார்ந்தார். 23ஆம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றம் கல்யாண் சிங்கை மறுபடி நாற்காலியில் அமர்த்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 26ஆம் தேதி சபையில் பலப்பரீட்சை. சபாநாயகருக்கு இருபுறமும் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாண் சிங்குக்கு 225, பாலுக்கு 196.

இன்று முதலமைச்சர்கள் பட்டியலைப் பாருங்கள். 1997 செப்டம்பர் 21 முதல் 1999 நவம்பர் 12 வரை கல்யாண் சிங். நடுவில் முறிவே இல்லை. பிரமாணம் எடுத்தவர், கோட்டையில் உட்கார்ந்தவர், காகிதத்தில் இல்லை.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாக ஒருவர் உண்டு. 1849 மார்ச் 4 நண்பகலில் ஜனாதிபதி ஜேம்ஸ் போல்க்கின் காலம் முடிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் புதியவர் ஜக்காரி டெய்லர் மறுநாள்தான் பிரமாணம் எடுத்தார். துணை ஜனாதிபதியும் அப்படியே. அடுத்த இடத்தில் இருந்தவர் செனட்டின் தற்காலிகத் தலைவர், மிசூரியைச் சேர்ந்த டேவிட் ரைஸ் ஆட்சிசன். ஆகவே அந்த ஒரு நாள் அவரே ஜனாதிபதி என்று ஒரு கட்சி. ஆனால் அவருடைய செனட் காலமும் அதே நாளில் முடிந்துவிட்டது, அவரும் பிரமாணம் எடுக்கவில்லை. 'அன்று பெரும்பகுதி தூங்கினேன்' என்று அவரே பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். இருந்தும் பிளாட்ஸ்பர்க்கில் அவர் கல்லறையில் 'ஒரு நாள் ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதி' என்று பொறித்திருக்கிறார்கள்.

நம் அரசியலமைப்பை எழுதியவர்கள் இந்த ஓட்டையை 56ஆம் பிரிவிலேயே அடைத்துவிட்டார்கள். காலம் முடிந்தாலும் அடுத்தவர் பதவியேற்கும் வரை பழைய குடியரசுத் தலைவரே நீடிப்பார். (நான் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில், 1969இல் தெ கோல் விலகியபோது, செனட் தலைவர் அலேன் போஎர் இடைக்கால அதிபரானார். அங்கேயும் அதற்குச் சட்டத்தில் வழி இருந்தது, யாரும் சண்டை போடவில்லை.)

குமாஸ்தாவுக்கு இது புதிதல்ல. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் தலைமை அலுவலர்களின் பெயர்ப் பலகை ஒன்று உண்டு. ஒருவர் மாதக் கடைசியில் பிற்பகல் ஓய்வு பெற்றார், புதியவர் ஒரு நாள் விட்டு முற்பகல் பொறுப்பேற்றார். இடையில் ஒரு நாள் எங்கள் கண்காணிப்பாளர்தான் எல்லாவற்றுக்கும் கையெழுத்திட்டார். பலகைக்குப் புது வர்ணம் அடித்தபோது, "என் பேரையும் போடச் சொல்லுப்பா" என்று என்னிடம் கேட்டார். "பொறுப்பேற்புச் சான்று இருக்கா சார்?" என்றேன். இல்லை. வாய்மொழி உத்தரவுதான். பெயின்டரிடம் கொடுத்த பட்டியலில் நான் அவர் பெயரைச் சேர்க்கவில்லை. ஓய்வு பெறும்வரை அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கோப்புப்படி நான் செய்தது சரி. அன்று வந்த தபாலெல்லாம் அவர் கையெழுத்தில்தான் போனது என்பதும் எனக்குத் தெரியும்.

சில ஆண்டுகள் கழித்து அவர் மகள் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. அவர் பெயருக்குக் கீழே, அந்தப் பதவியின் பெயரும் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்றும் அச்சிட்டிருந்தது. போய் மொய் எழுதிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்தேன். நோட்டில் எழுதுகிறவர் "யார் வீட்டுக்கு?" என்று கேட்டபோது, அந்தப் பதவியைச் சொல்லித்தான் அவர் பெயரைச் சொன்னேன்.