காதுகுத்து அணிகளின் உலோகம்

காது, மூக்கு குத்திய புண்ணில் முதலில் இடும் அணிக்கு ஏற்ற உலோகம். கோவைக்கு வடக்கே, மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள பெரியநாயக்கன்பாளையம் உள்ளிட்ட கொங்கு ஊர்களில் குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் குழந்தையை அமர்த்தி ஆசாரி காது குத்துவது வழக்கம். அப்போது பொன் அணிவிப்பதில் பெருமை மட்டுமல்ல, வேதியியலும் உண்டு. பொன் துருப்பிடிப்பதில்லை, புண்ணீரிலும் எளிதில் கரைவதில்லை.

22 காரட் நகையில் 91.6 சதவீதம் பொன். எஞ்சியது பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். 24 காரட் மிகவும் மெத்தென்றது, தண்டு வளைந்துவிடும். ஒவ்வாமைக்கு முதற்காரணம் நிக்கல். கவரிங் நகைகளில் முலாம் தேய்ந்ததும் அடியிலுள்ள நிக்கலோ பித்தளையோ தோலைத் தொடும். அரிப்பு, நீர்வடிதல் தொடங்கும். வெள்ளைத் தங்கம் என்ற பெயரை நம்பி ஏமாற வேண்டாம்: அதிலும் நிக்கல் கலந்திருக்கலாம். வெள்ளி கறுக்கும், ஆறாத புண்ணுக்கு ஆகாது.

316எல் என்ற தரத்துத் துருவேறா எஃகில் நிக்கல் 10 முதல் 14 சதவீதம் வரை இருந்தாலும் வெளியே கசிவது குறைவு. ஆயினும் நிக்கல் ஒவ்வாதவர்களுக்கு, உடலுக்குள் பொருத்தும் தரமுள்ள டைட்டானியமோ நியோபியமோ தான் மேல். ஐரோப்பிய ஒன்றியம் குத்தணித் தண்டின் நிக்கல் கசிவை வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்குக் கீழ் வரையறுத்துள்ளது.

தோடு பொன்னாக இருந்து திருகாணி வேறு உலோகமாக இருப்பதும் உண்டு. வாங்கும்போது அதையும் கேட்டுப் பார்க்கவும். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் நகையில் ஆறிலக்க எழுத்தெண் அடையாளம் கட்டாயம். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு உண்டு. குழந்தைத் தோடுகள் பல அதற்குள் அடங்கும்.