திருமயம்: ஒரு பாறை, இரு கோயில், ஒரு கோட்டை

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி சாலையில் 20 கிலோமீட்டர் போனால், வட்டப் பாறையின் உச்சியில் திருமயம் கோட்டை தெரியும். 1687இல் சேதுநாட்டு மன்னர் கிழவன் சேதுபதி கட்டியது. பின்னர் புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்கள் வசம் வந்தது.

ஏறுகிறவர்கள் பெரும்பாலும் உச்சிப் பீரங்கியைத்தான் தேடுவார்கள். ஆனால் கோட்டையைவிடப் பல நூற்றாண்டு மூத்த இரண்டு குடைவரைகள் அதே பாறையின் அடிவாரத்தில் இருக்கின்றன: ஒன்று சத்யகிரீஸ்வரர், மற்றது சத்தியமூர்த்திப் பெருமாள். பெருமாள் குடைவரையில் தாய்ப்பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமான். ஆதிசேடன் நஞ்சைக் கக்க, மது, கைடபர் என்ற அசுரர்கள் இருவரும் தலைதெறிக்க ஓடும் காட்சி, கல்லில் இத்தனை பரபரப்பா என்று வியக்க வைக்கும்.

அண்டைவீடு என்றால் சண்டை இல்லாமலா? இரு கோயிலாரும் வருமானத்துக்காக நெடுநாள் மோதினார்கள். 1245இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயகர் முன்னிலையில் வழக்கு தீர்ந்து, பங்கு பிரிக்கப்பட்டது. தீர்ப்பு கல்வெட்டாகவும் ஏறியது.

பாதி ஏற்றத்தில், பாறைச் சரிவில் குடைந்த சிறு அறையில் ஒரு லிங்கம். இரும்பு ஏணி வழியாகத்தான் அதை எட்ட வேண்டும். பீரங்கிக்கு அவசரப்படுகிறவர்கள் பலரும் இதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தி 1887இல் பிறந்ததும் இந்த ஊரில்தான்.