கட்டுச்சோறும் ஒரு சொம்புத் தண்ணீரும்
(பயண பயத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்)

1

பயணத்துக்கு அஞ்சுகிறவர்களின் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொண்டுதான் இதை எழுதத் தொடங்க வேண்டும். இருபத்தைந்து வயதுவரை நான் போன இடங்களுக்கெல்லாம் ஒரு கட்டுச்சோற்று மூட்டையும் கூடவே வந்தது. புளிசாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, வீட்டுத் தண்ணீர் நிரப்பிய கூஜா. 'வெளியில எதையும் வாங்கித் திங்காத, யார் கை பட்டதோ' என்று அம்மா சொல்லி அனுப்புவாள். வயிறு கெட்டுப்போகுமே என்கிற கவலை இதில் பாதி. 'யார் கை' என்பது மீதி. அந்த மீதி எனக்கு விளங்க வெகுநாள் ஆனது. விளங்க வைத்த இடம் தூரதேசம் ஒன்றுமில்லை, எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம்.

சாதித் தாக்குதல் ஒன்றைப் பற்றி விசாரிக்கப் போன குழுவில் நானும் இருந்தேன். எரிந்த வீடுகளைப் பார்த்து, பேச்சுகளைக் குறித்துக்கொண்டு, சேரியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். கடும் வெயில். வீட்டுக்கார அம்மா பேரனைக் கடைக்கு விரட்டி ஆளுக்கொரு கலர் பாட்டில் வாங்கிவரச் செய்தார். வீட்டை இழந்தவர்கள் செலவழித்த காசு. 'எதுக்கும்மா இதெல்லாம், தண்ணி குடுங்க போதும்' என்று எங்களில் ஒருத்தரும் சொல்லவில்லை. குடித்தோம். திரும்பும்போது பஸ்ஸில் உள்ளூர்த் தோழர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: 'வெளியாளுங்க எங்க வீட்டுத் தண்ணி குடிக்க மாட்டாங்கன்னு அந்தம்மாவுக்குத் தெரியும். மூடி போட்ட பாட்டில்னா யார் கையும் படாததுல்ல, அதான்.'

அந்தப் பாட்டிலைப் பார்த்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்ததை நான் மறைக்க முடியாது. அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்கிற கேள்விதான் இந்தக் கட்டுரை.

2

பயண பயத்தை நாம் ஒரு தனிமனித மனநிலையாகவே பேசிப் பழகியிருக்கிறோம். துணிச்சல் உள்ளவன் போகிறான், இல்லாதவன் வீட்டில் கிடக்கிறான், அவ்வளவுதான் என்பதுபோல. ஆனால் இந்த மண்ணில் அந்தப் பயத்துக்கு எழுதிவைத்த சட்டம் இருந்திருக்கிறது. பௌதாயன தர்மசூத்திரம், சாதியிலிருந்து விழச் செய்யும் பாவங்களை வரிசைப்படுத்தும்போது முதலில் வைப்பது கடற்பயணத்தை. அதே வரிசையில் அடுத்தடுத்து வருபவற்றைப் பாருங்க: பார்ப்பனரின் அடைக்கலப் பொருளை அபகரித்தல், எல்லாச் சரக்கையும் விற்று வாணிபம் செய்தல், சூத்திரருக்கு ஊழியம் செய்தல். கழுவாய் மூன்று ஆண்டுகள் நீள்கிறது. பகலெல்லாம் நின்று, இரவெல்லாம் உட்கார்ந்து, நான்காவது வேளைக்கு ஒருமுறை கொஞ்சமாகச் சாப்பிட்டு.

மனு இன்னும் துல்லியம். மூன்றாம் அத்தியாயத்தில், திதிச் சாப்பாட்டுக்கு யார் யாரைக் கூப்பிடக் கூடாது என்று ஒரு நீண்ட பட்டியல் போகிறது. தீ வைத்தவன், விஷம் கொடுத்தவன், பொய்ச்சாட்சி சொன்னவன் ஆகியோரோடு கடல் கடந்தவனும் அதில் உண்டு. ஆக, தண்டனை விழுகிற இடம் பந்தி. அலை, புயல், கப்பல் உடைதல் பற்றியெல்லாம் இந்தப் பட்டியல்களுக்குக் கவலை இல்லை. போன இடத்தில் யாரோடு உட்கார்ந்தாய், யார் கையால் வாங்கித் தின்றாய் என்பதே கவலை. போகிறவன் தொலைந்துபோவான் என்பதைவிட, மாறித் திரும்பி வந்துவிடுவான் என்கிற பயம்.

இந்தச் சட்டம் எல்லோரையும் கட்டியதா என்றால் இல்லை. ராஜேந்திர சோழனின் படை 1025-இல் கடாரம் போனது. சுமத்ராவின் பாரூஸ் அருகே ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு 1088-ஐச் சேர்ந்தது. சீனத்தின் சுவான்சௌ நகரில் 1281-இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலிலும், அதன்பின் 1911 வரை போன கப்பல்களிலுமாக ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 'உனக்குக் கடல் பயமா' என்று அவர்களை யார் கேட்டார்கள்? ஆகவே 'இந்தியர்கள் கடலுக்கு அஞ்சினார்கள்' என்று பாடப்புத்தகப் பாணியில் எழுதுவது ஒரு மோசடி. அஞ்சுவதற்கு ஏதோ ஒன்றை வைத்திருந்தவர்களே அஞ்சினார்கள்.

3

அஞ்சியவர்கள் பிறகு எப்படிப் போனார்கள் என்பதற்கு ஜெய்ப்பூர் அரண்மனையில் இன்றும் சாட்சி இருக்கிறது. ஆளுயர வெள்ளி அண்டாக்கள். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்கு லண்டன் கிளம்பிய மகாராஜா இரண்டாம் மாதோ சிங் இவற்றில் கங்கை நீரை நிரப்பி எடுத்துப்போனார். ஒவ்வொன்றும் சுமார் 345 கிலோ வெள்ளி. 4,000 லிட்டருக்கு மேல் கொள்ளும். இதற்கென்று ஒரு கப்பலையே வாடகைக்கு அமர்த்தினார். அவ்வளவு தூரம் போய் வந்தவர், தம் வீட்டுத் தண்ணீரை விட்டு ஓர் அடிகூட வெளியே வரவில்லை. என் அம்மா நிரப்பிக் கொடுத்த கூஜாவும் இந்த அண்டாவும் ஒரே வம்சம்தான். அளவுதான் வேறு.

காந்தியின் கதை இதிலிருந்து கொஞ்சம் விலகியது. 1888-இல், பதினெட்டு வயதில், சட்டம் படிக்கக் கிளம்பியவரை பம்பாயில் சாதிக்கூட்டம் கூப்பிட்டு விசாரித்தது. பின்வாங்க மாட்டேன் என்றதும் சாதிவிலக்கு. உதவுகிறவனுக்கும், துறைமுகத்துக்கு வழியனுப்பப் போகிறவனுக்கும் ஒண்ணேகால் ரூபாய் அபராதம். செப்டம்பர் 4-இல் கப்பலேறினார். 1891-இல் திரும்பியதும் அண்ணனின் விருப்பப்படி நாசிக்கில் தீர்த்தமாடி, ராஜ்கோட்டில் சாதி விருந்தும் வைக்கப்பட்டது. ஒரு பிரிவு ஏற்றுக்கொண்டது, இன்னொன்று ஏற்கவில்லை. விலக்கு நீடித்ததால், அக்கா வீட்டிலும் மாமனார் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று தன்வரலாற்றில் எழுதுகிறார். ரகசியமாகத் தர அவர்கள் தயாராகவே இருந்திருக்கிறார்கள். இவருக்குத்தான் ஒளித்துச் செய்ய மனமில்லை. சொந்த அக்கா வீட்டுத் தண்ணீர் எட்டாத தூரத்தில்! கடலைக் கடந்த ஓர் ஆளுக்கு அந்தத் தண்ணீரைக் கடக்க வழியில்லாமல் போயிற்று.

4

இதுவரை சொன்னது, தீட்டாகிவிடுவோம் என்று அஞ்சியவர்களின் வரலாறு. தீட்டாக்கப்பட்டவர்களின் பயண பயத்துக்கு வேறு வரலாறு உண்டு. அதைப் படிக்காமல் 'பிற பண்பாடுகளை மதித்தல்' என்று பேசுவதில் அர்த்தமில்லை.

அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்கிற சிறு பிரசுரம் 1990-இல்தான் தனிநூலாக வெளிவந்தது. அதில் முதலில் வருவது 1901-இல் நடந்த ஒரு சிறுவர் பயணம். கோரேகாவில் வேலையிலிருந்த அப்பாவைப் பார்க்க, அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் ரயிலில் கிளம்புகிறார்கள். புதுச்சட்டை, ஒரே உற்சாகம். மசூர் நிலையத்தில் இறங்கினால் அழைத்துப்போக யாரும் வரவில்லை. பிள்ளைகள் மகர்கள் என்று தெரிந்ததும் அதுவரை பரிவாகப் பேசிய ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறுகிறது. மாட்டுவண்டிக்காரர்கள் வர மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவன் இரட்டைக் கூலிக்கு ஒப்புகிறான். ஆனால் வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவன் கூட நடந்து வருவான். இருட்டிவிடுகிறது. கூடையில் வீட்டுச் சாப்பாடு நிறைய இருக்கிறது. தண்ணீர் இல்லை. சுங்கச்சாவடியில் 'முஸ்லிம்கள் என்று சொல்லுங்கள்' என்று வண்டிக்காரன் யோசனை சொல்ல, அப்படிச் சொல்லிக் கேட்டும் கிடைக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் சோறு தொண்டையில் இறங்குமா? பட்டினியோடு படுக்கிறார்கள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என்னிடமும் கட்டுச்சோறு இருந்தது, அந்தப் பிள்ளைகளிடமும் இருந்தது. நான் எடுத்துப்போனது பிறர் கை படாமலிருக்க. அவர்களுக்கோ சோறிருந்தும் தண்ணீர் ஊற்ற ஒரு கை இல்லை. ஒரே கூடை, இரண்டு எதிரெதிர் அர்த்தங்கள். 'பயணி' என்கிற சொல்லைப் பொதுச்சொல்லாகப் பாவிப்பதில் உள்ள வன்முறை இதுதான் என்று எனக்குப் படுகிறது.

1913-இல் அவர் நியூயார்க் போனார். வெளிநாட்டில் கழித்த ஆண்டுகள் தாம் தீண்டப்படாதவர் என்கிற உணர்வையே துடைத்துவிட்டிருந்தன என்கிறார். 1917-இல் திரும்பி வந்து பரோடாவில் உத்தியோகம் ஏற்கப் போனால், தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்குகிறார். சில நாட்களில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றுகிறது. ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலேறுகிறார். அந்நிய நகரத்தில் மனிதனாக நடமாட முடிந்தவனுக்கு, சொந்த நாட்டு நகரமொன்றில் நுழைய 'விசா' இல்லை. தலைப்பின் கசப்பு இப்போது புரிகிறதா? நமக்கு வேற்று நாடு பயம் தருவது. அவருக்கு அது பயம் விட்ட இடம்.

5

சரி, மதிப்போடு போவது என்றால் என்ன? வழக்கமான பதில்: அவங்க சாப்பிடுறதச் சாப்பிடணும், அவங்க உடுத்துறத உடுத்தணும். இது போதாது என்று நினைக்கிறேன். சுற்றுலாத் தொழிலும் இதைத்தான் விற்கிறது.

எனக்கு நினைவுக்கு வருபவர் அல்பிரூனி. குவாரிஸ்ம் நாட்டுக்காரர், பிறந்தது 973. 1017-இல் கஜினி முகமது அந்நாட்டைப் பிடித்தபோது கஜினிக்குக் கொண்டுவரப்பட்டவர். இந்தியாவுக்குள் அவர் வந்தது படையெடுத்தவன் திறந்த வழியில்தான், இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வந்தவர் சமஸ்கிருதம் படித்தார். இங்குள்ள வானியலாளர்களிடம் தொடக்கத்தில் மாணவனைப்போல நின்றதாகத் தாமே எழுதுகிறார். சுமார் 1030-இல் முடித்த 'இந்தியா' நூலில், மறுத்துப் பேசுவதற்காக இதை எழுதவில்லை, இந்துக்கள் சொல்வதை அவர்கள் சொல்வதாகவே வைக்கிறேன் என்கிறார். முகமதின் படையெடுப்புகள் இந்த நாட்டின் வளத்தைப் பாழாக்கின என்பதையும், அந்நியர்மேல் வெறுப்பு வளர அதுவும் காரணம் என்பதையும், அந்த அரசின் நிழலில் இருந்துகொண்டே எழுதினார். அதேசமயம், அந்நியரை மிலேச்சர் என்று ஒதுக்கி, அவர்களோடு உட்காரவும் உண்ணவும் குடிக்கவும் தடை போட்டிருப்பதையும் விடவில்லை.

ஓர் இடம் என்னை உலுக்கியது. முஸ்லிம் நாடுகளில் அடிமைகளாக இருந்து தப்பித் திரும்பும் இந்துக்களைச் சாணத்திலும் கோமியத்திலும் புதைத்துவைத்துச் சுத்தி செய்து சேர்த்துக்கொள்வதாக அவர் கேள்விப்படுகிறார். உண்மையா என்று பார்ப்பனர்களிடமே போய்க் கேட்கிறார். அவர்கள் மறுக்கிறார்கள்: அப்படிப்பட்டவனுக்குக் கழுவாயே கிடையாது, அவன் திரும்பவே முடியாது என்கிறார்கள். கேள்விப்பட்டதை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன பதிலையும் எழுதினார். மதிப்பு என்று நான் சொல்வது இதை. அதில் கேள்வி உண்டு, விமர்சனமும் உண்டு. ஆனால் முதலில் மாணவனாக நிற்க வேண்டியிருக்கிறது.

மற்றமையோடு கலப்பது என்றால் கரைந்துபோவதும் அல்ல. பண்டித ரமாபாய் 1883-இல் இங்கிலாந்து போனார், அங்கேயே கிறிஸ்தவரானார். ஆனால் மரக்கறி உணவை விடவில்லை. திருச்சபை மேலிடம் சொன்னதையெல்லாம் தலையாட்டி ஏற்கவுமில்லை, வாதாடினார். 1886 முதல் 1888 வரை அமெரிக்காவில் சுற்றி, 1889-இல் மராத்தியில் வெளியிட்ட நூலில் அந்நாட்டுப் பெண்களின் அமைப்புகளை வியந்து எழுதியவர், பூர்வகுடிகளையும் கறுப்பர்களையும் வெள்ளையர் நடத்திய விதத்தைக் கண்டிக்கவும் செய்தார். அவர் தட்டில் இருந்ததும் மரக்கறி, மாதோ சிங் தட்டில் இருந்ததும் சொந்தச் சமையல். வித்தியாசம் என்ன? 'இது என் பழக்கம்' என்பது ஒன்று. 'உன் கை அழுக்கு' என்பது வேறு.

போகாமலிருப்பதே மரியாதையாகிற இடங்களும் உண்டு. வெளியார் வரவேண்டாம் என்பதை அம்புகளால் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டவர்கள் வடக்கு சென்டினல் தீவுக்காரர்கள். மதம் பரப்ப 2018-இல் அங்கே இறங்கிய அமெரிக்க இளைஞர் கொல்லப்பட்டார். பயத்தை வென்றவர் என்று அவரைச் சொல்லலாம். மதித்தவர் என்று சொல்ல முடியுமா? பயத்தை வெல்வதும் மதிப்பதும் தனித்தனிக் காரியங்கள். முதலாவது மட்டும் கைகூடியவர்கள்தாம் உலகத்தைப் பிடித்தார்கள்.

6

வழக்கு விஷயமாக அந்தச் சேரிக்கு மறுபடி போக நேர்ந்தது. இந்தமுறை பேரன் கடைக்கு ஓடுமுன், 'குடிக்கத் தண்ணி குடுங்கம்மா' என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சொம்பில் கொண்டுவந்தார். பழக்க தோஷத்தில் அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். பாதி சட்டையில் கொட்டியது. 'வாய வச்சே குடிங்க தம்பி, எங்க சொம்பு ஒண்ணும் ஆயிடாது' என்றார். சிரித்தார் என்று எழுத ஆசை. ஆனால் சிரிக்கவில்லை.

இதை ஒரு வெற்றிக்கதையாகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு சொம்புத் தண்ணீரில் சாதி கரைந்துவிடாது. எரிந்த வீடுகளுக்கு அதனால் கூரை வரப்போவதுமில்லை. வருகிறவனின் முகத்தைப் படித்துக் கலர் வாங்குவதா தண்ணீர் தருவதா என்று அந்த அம்மா ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறதே, அந்தப் பாரம் இன்னும் அவர் தலையில்தான் இருக்கிறது. விசாரணைக்கென்றும் ஆய்வுக்கென்றும் ஊர் ஊராகப் போகிற நாம், போகுமுன் பையைத் திறந்து கட்டுச்சோறு எதற்கு வைத்திருக்கிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். போன இடத்தில் முதல் ஆளாகத் தண்ணீர் கேட்கலாம். வாய் வைத்தே குடிக்கலாம்.