தோலில் சிறுதுளை, உள்ளே பெருங்கேள்வி: முதுகு, கழுத்து வலிச் சிகிச்சையின் அளவுகோல் பற்றி

பச்சைப் பப்பாளித் துண்டு இரண்டைச் சேர்த்தால் முற்றிய கறியும் பதமாக வெந்துவிடும் என்பது நம் சமையலறைகள் அறிந்த செய்தி. பப்பாளிப் பாலில் புரதத்தைக் கரைக்கும் நொதிகள் பல உண்டு. அவற்றுள் ஒன்று கைமோபப்பாயின். முள்ளெலும்புகளுக்கு இடையிலிருந்து பிதுங்கி நரம்பை அழுத்தும் ஜவ்வை, அதாவது டிஸ்கை, இந்த நொதியால் கரைத்துவிடலாம் என்று அமெரிக்க எலும்பு மருத்துவர் லைமன் ஸ்மித் கருதினார். மனிதர்களுக்கு அதைச் செலுத்திப் பார்த்து 1964-இல் முடிவுகளை வெளியிட்டார். 1982-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி அளித்தது. போலி ஊசியோடு ஒப்பிட்ட சோதனைகளிலும் அது பலன் தந்தது. கத்தி இல்லை, தையல் இல்லை. ஊசி நுழையும் துளை மட்டுமே. ஆனால் சிலருக்கு உயிரைப் பறிக்கக்கூடிய ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்பட்டது. மிகச் சிலருக்குத் தண்டுவடம் அழற்சியுற்றுக் கால்கள் செயலிழந்தன. 2003-இல் அமெரிக்காவில் அதன் விற்பனை நின்றுபோனது.

முதுகுவலிச் சிகிச்சையின் வரலாற்றில் இதைவிடச் சிறிய துளை இருக்க முடியாது. அந்தத் துளையின் வழியே போன மருந்து செய்த வேலையோ சிறியதன்று. ‘சிறுதுளைச் சிகிச்சை’ என்ற சொல்லின் முதன்மையான குறை இங்கே தெரிகிறது: அது தோலை அளக்கிறது. சிகிச்சை பெரியதா சிறியதா என்பதை முடிவு செய்ய வேண்டியவை மூன்று: உள்ளே எது எடுக்கப்பட்டது, எது விட்டுவைக்கப்பட்டது, யாருக்கு எந்த நேரத்தில் அது செய்யப்பட்டது. ஓடியாடி உழைக்கும் வயதில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். சீக்கிரம் வேலைக்கும் ஆட்டக்களத்துக்கும் திரும்பலாம் என்ற வாக்குறுதி அவர்களை நோக்கித்தான் விடுக்கப்படுகிறது.

பிதுங்கிய டிஸ்க்தான் காலில் இறங்கும் வலிக்குக் காரணம் என்பதை பாஸ்டனில் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934-இல் நிறுவினார்கள். அன்று முதுகெலும்பின் பின்வளைவை அகலமாக வெட்டித் திறந்தே டிஸ்கை எடுத்தார்கள். 1977-இல் யசர்கிலும் காஸ்பரும் அறுவை நுண்ணோக்கியைக் கொண்டுவந்ததும் கீறல் சில சென்டிமீட்டராகச் சுருங்கியது. 1997-இல் ஃபோலியும் வேறொரு ஸ்மித்தும் தசை இழைகளை விலக்கிச் செல்லும் குழாய் முறையை வெளியிட்டார்கள். பக்கவாட்டிலிருந்து எண்டோஸ்கோப்பைச் செலுத்தும் முறையில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துளை போதும். ஒவ்வொரு படியிலும் கருவி மெலிந்தது உண்மை. நோயாளியின் நிலையும் அதே அளவுக்கு மேம்பட்டதா என்பதே ஆராய வேண்டியது.

இதற்கு நேர்மையான விடை நெதர்லாந்திலிருந்து வந்தது. மார்க் ஆர்ட்ஸும் சக மருத்துவர்களும் 328 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான நுண்ணோக்கி அறுவை. மற்றவர்களுக்குக் குழாய் வழி அறுவை. எவருக்கு எது நடந்தது என்பது நோயாளிக்கும் தெரியாது, அவரைப் பின்னர் பரிசோதித்தவருக்கும் தெரியாது. அறுவைச் சிகிச்சை ஆய்வில் இந்த ஒழுக்கம் அரிது; அதனாலேயே இதன் முடிவுக்குக் கனம் அதிகம். 2009-இல் வெளியான அந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. ஓராண்டின் முடிவில் வழக்கமான முறையில் நல்ல குணம் கண்டவர்கள் 79 சதவீதம். குழாய் முறையில் 69 சதவீதம். கால்வலி, முதுகுவலி அளவுகளிலும் குழாய் முறை சற்றுப் பின்தங்கியே இருந்தது. தசை காக்கப்படும் என்பதுதான் குழாய் முறையின் அடிப்படை நியாயம். அதே குழுவினர் இரத்தத்தில் தசைச் சிதைவைக் காட்டும் நொதியையும் ஸ்கேனில் தசையின் நிலையையும் பின்னர் ஒப்பிட்டார்கள். அந்த நியாயத்துக்கும் ஆதரவு கிடைக்கவில்லை.

இதைக் கொண்டு புதிய முறைகள் அனைத்தும் வெறும் விளம்பரம் என்று சொல்லிவிட முடியாது. அதே நாட்டில் 613 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், பக்கவாட்டு எண்டோஸ்கோப் அறுவை கால்வலியைக் குறைப்பதில் நுண்ணோக்கி அறுவைக்குச் சளைத்ததாக இல்லை; சில அளவுகளில் சிறிதளவு மேலாகவும் இருந்தது. அதற்குத் தனிச் சிறப்பு ஒன்றும் உண்டு. முழு மயக்கம் கொடுக்காமல், அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து அதைச் செய்ய முடியும். கருவி நரம்பை நெருங்கினால் நோயாளியே ‘கால் சுண்டுகிறது’ என்று சொல்லிவிடுவார். என் பார்வையில் அந்தச் சிறிய துளையைவிட இந்தப் பேச்சுத் தொடர்பே பெரிய பாதுகாப்பு. ஆயினும் பழகிய கைக்கு மட்டுமே இந்த முறை வசப்படும். அந்தப் பழக்கம் ஏற்படும் வரை முதல் நோயாளிகள் தரும் விலை எந்த விளம்பரப் பலகையிலும் எழுதப்படுவதில்லை.

உழைக்கும் வயதினரைப் பொறுத்தவரை மேலும் அழுத்தமான சான்று அமெரிக்க மருத்துவர் யூஜின் கராகியின் இரண்டு ஆய்வுகளில் கிடைக்கிறது. அறுவைக்குப் பிறகு குனியாதே, தூக்காதே, பல வாரம் வண்டி ஓட்டாதே என்று தடை விதிப்பது அப்போது வழக்கம். 1996-இல் அவர் 50 நோயாளிகளிடம் இந்தத் தடைகளை நீக்கிப் பார்த்தார். முடிந்த அளவு சீக்கிரம் இயல்பு வாழ்வுக்குத் திரும்பச் சொன்னார். அவர்கள் சராசரியாக இரண்டு வாரத்துக்குள் வேலைக்குப் போனார்கள். அவர்களுக்குச் செய்யப்பட்டது எண்டோஸ்கோப் அறுவை அன்று; சாதாரண, அளவான திறந்த அறுவை. அப்படியானால் ‘சீக்கிரம் வீடு, சீக்கிரம் வேலை’ என்று சிறுதுளையின் கணக்கில் எழுதப்படும் பலனில் எத்தனை பங்கு உண்மையில் தடையை நீக்கியதால் வந்தது? புதிய கருவியோடு புதிய அறிவுரையும் சேர்ந்தே வந்ததால் இரண்டையும் பிரித்துப் பார்க்க நாம் மறந்துவிட்டோம்.

அவருடைய 2003 ஆய்வு டிஸ்கின் வெளிவளையத்தில் இருந்த கிழிசலைக் கவனித்தது. மெல்லிய பிளவின் வழியே துண்டு வெளிவந்திருந்தவர்களுக்கு அது மீண்டும் பிதுங்கியது 1 சதவீதம் மட்டுமே. வளையத்தில் அகன்ற ஓட்டை இருந்தவர்களுக்கு 27 சதவீதம். இந்த எண்களின் முன் தோலில் இருந்த தழும்பின் நீளம் பொருளற்றதாகிறது. மூட்டை தூக்குபவரும் வேகப்பந்து வீசுபவரும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, ‘எத்தனை தையல்?’ என்பதைவிட, ‘உள்ளே ஓட்டை எப்படி இருக்கிறது?’ என்பதே.

உலகம் அறிந்த எடுத்துக்காட்டு கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ். 2014, 2015 ஆண்டுகளில் அவருக்கு மூன்று முறை நுண்ணறுவை நடந்தது. பிறகு 2017-இல் வயிற்றின் வழியாக அடிமுதுகின் எலும்புகளை இணைக்கும் அறுவை நடந்தது; இது அவற்றைவிடப் பெரியது. 2019-இல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். தனி ஒருவரின் கதை ஆதாரமாகாது. எலும்பை இணைப்பதே மேல் என்று இதிலிருந்து எவரும் முடிவுகட்டக் கூடாது. 2017-க்குப் பிறகும் அவர் முதுகு அறுவை மேசைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் ‘சிறிய’ சிகிச்சைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் கூட்டுத்தொகை சிறியதா என்ற கேள்வியை அவர் கதை விட்டுச்செல்கிறது.

இனி நேரம். வில்கோ பியூல் தலைமையில் நெதர்லாந்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு, ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடுமையான சயாட்டிகாவால், அதாவது காலில் இறங்கும் நரம்பு வலியால், அவதிப்பட்ட 283 பேரைப் பற்றியது. ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை. மற்றவர்களுக்கு மருந்து, நடமாட்டம், பொறுமை. தாங்க முடியாவிட்டால் அறுவை. காத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் அறுவை செய்துகொண்டார்கள். மற்றவர்களுக்கு அது தேவைப்படவில்லை. ஆண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதத்தினர் தேறியிருந்தார்கள். வேறுபாடு வேகத்தில்தான்: உடனே அறுவை செய்துகொண்டவர்கள் குணமடைய எடுத்துக்கொண்ட நடுத்தரக் காலம் 4 வாரம், காத்திருந்தவர்களுக்கு ஏறத்தாழ 12 வாரம். உடைந்து வெளியேறிய டிஸ்க் துண்டுகளை உடலின் நோயெதிர்ப்பு அணுக்களே பல வேளைகளில் மெல்ல அரித்துக் கரைத்துவிடுகின்றன. ஸ்கேனில் பயங்கரமாகத் தெரியும் பெரிய துண்டுகளே இப்படிக் கரையும் வாய்ப்பு அதிகம். இலேசான புடைப்பு அவ்வளவு எளிதில் மறைவதில்லை.

ஸ்கேனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1994-இல் மோரீன் ஜென்சனும் சகாக்களும் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதேனும் ஓரிடத்தில் டிஸ்க் புடைத்திருந்தது. 27 சதவீதத்தினருக்குப் பிதுங்கியே இருந்தது. ஆகவே ‘ஜவ்வு விலகியிருக்கிறது’ என்ற ஒற்றை வாக்கியம் நோயின் பெயராகாது. வலி எந்தக் காலில், எந்தப் பட்டையில் இறங்குகிறது, அனிச்சை குன்றியிருக்கிறதா, பெருவிரலைத் தூக்க முடிகிறதா என்பவை படத்தோடு பொருந்தினால்தான் அந்த டிஸ்க் குற்றவாளி. படத்துக்குச் சிகிச்சை செய்பவருக்கு மிக மெல்லிய கருவியும் பெரிய ஆபத்துதான்.

காலில் இறங்காத, முதுகோடு நிற்கும் வலிக்கு மேற்சொன்ன அறுவைகளின் நியாயம் அப்படியே பொருந்தாது. அங்கே பெரும்பாலும் ஊசிகளும் வெப்ப அலைகளும் பரிந்துரைக்கப்படுகின்றன. அடிமுதுகு மூட்டுகளின் உணர்வு நரம்பை வெப்பத்தால் செயலிழக்கச் செய்யும் முறையை, 681 பேர் பங்கேற்ற மூன்று நெதர்லாந்துச் சோதனைகள் ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டன. முறையான உடற்பயிற்சித் திட்டத்தோடு இதைச் சேர்த்ததால் நோயாளி உணரத்தக்க கூடுதல் பலன் கிடைக்கவில்லை. நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த விதம் சரியில்லை என்று இம்முறையைச் செய்துவருபவர்கள் மறுத்தார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கிறேன்; அதையே அவர்கள்மீதும் திருப்புகிறேன். தேர்வுதான் பலனைத் தீர்மானிக்கிறது என்றால், கருவியின் பெயரால் விளம்பரம் செய்வது எப்படிச் சரியாகும்?

கழுத்தில் கணக்கு மாறுகிறது. அங்கே ஊசியும் எளிய காரியமன்று. கழுத்து நரம்பு வெளிவரும் துவாரத்தின் அருகே மூளைக்குப் போகும் தமனி ஓடுகிறது. துகள்கள் கலந்த ஸ்டீராய்டு அதற்குள் புகுந்தால் மூளையின் அடித்தண்டிலோ தண்டுவடத்திலோ இரத்தவோட்டம் அடைபடலாம். முதுகெலும்பின் உறைவெளியில் போடும் ஸ்டீராய்டு ஊசிகளால் அரிதாகப் பக்கவாதமும் பார்வையிழப்பும் மரணமும் நேரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014-இல் எச்சரித்தது. மறுபுறம், கழுத்தின் முன்பக்கம் திறந்து டிஸ்கை எடுத்து எலும்புகளை இணைக்கும் 1950-களின் அறுவை இன்றும் நம்பகமானது. கையில் இறங்கும் நரம்பு வலிக்கு, பின்பக்கமிருந்து துவாரத்தை மட்டும் அகலப்படுத்தும் அறுவை அதற்குக் குறைந்ததன்று என்று 265 நோயாளிகளைக் கொண்ட நெதர்லாந்து ஆய்வு 2023-இல் காட்டியது. அந்த மூட்டின் அசைவு பிழைக்கிறது, உலோகம் தேவையில்லை. ‘குறைந்த தலையீடு’ என்ற பெயர் தகுமானால் இதற்குத்தான் தகும். தோலில் எத்தனை சென்டிமீட்டர் என்பது அதில் கடைசிக் கேள்வி.

தண்டுவடமே அழுந்தினால் இந்த நிதானத்துக்கு இடமில்லை. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுதல், கையெழுத்துக் கோணுதல், நடையில் தள்ளாட்டம் ஆகியவை அதன் அடையாளங்கள். அடிமுதுகில், சிறுநீர் அடைபடுவதும் தொடைகளுக்கு இடையே மரத்துப்போவதும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். அங்கே நரம்புக்கு முழுமையாக இடம் விடும் அறுவையே வேண்டும். கீறல் நீண்டாலும் குற்றமில்லை.

உடனே அறுவை செய்துகொண்டவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும் இடையே நெதர்லாந்தில் கண்ட அந்த எட்டு வார இடைவெளிக்கு ஒரு பின்னணி உண்டு. நோயுற்ற ஊழியருக்கு முதலாளி இரண்டு ஆண்டு வரை குறைந்தது 70 சதவீத ஊதியம் தர வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். காத்திருப்பது அங்கே வலியை மட்டுமே கேட்கிறது. நம் ஊரில் நாட்கூலிக்குப் போகும் கொத்தனாருக்கோ சித்தாளுக்கோ எட்டு வாரம் என்பது அடுப்பெரியும் கணக்கு. காலில் இறங்கும் வலி அவருடைய ஸ்கேனோடு பொருந்தி, ஆறு வாரம் கடந்தும் தணியாமல் இருந்து, ‘காத்திருக்க என்னால் முடியாது, ஐயா’ என்று அவர் சொன்னால், ஓராண்டுக்குப் பிந்திய 95 சதவீதத்தைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்புவது சரியான மருத்துவமாகாது. அவருக்கு அறுவை செய்ய வேண்டும். எந்த முறையில் அந்த மருத்துவரின் கை நன்கு பழகியிருக்கிறதோ அந்த முறையில் செய்ய வேண்டும். அது மூன்று சென்டிமீட்டர் கீறலாக இருந்தாலும், அரசு மருத்துவமனையின் பழைய நுண்ணோக்கியாக இருந்தாலும்.