பூமிக்கடியில் போகிற குழாய்



தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு வருகிற பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்துப் போச்சு, எதை வாங்கிப் புதைக்கலாம்? கடைக்குப் போனால் விலையைச் சொல்லுவார்கள். குழாயின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் நாம் கேட்க வேண்டியதைக் கேட்கலாம்.

மண்ணுக்கடியில் தண்ணீரைக் கொண்டுபோவது நமக்குப் புதுசு இல்லை. புதுக்கோட்டைச் சீமைக் கண்மாய்களில் கல்தூண் நட்டு நிற்கிற குமிழித் தூம்பைப் பார்த்திருப்பீர்கள். குமிழியில் இறங்கும் தண்ணீர், கரைக்கு அடியில் உள்ள சுருங்கை வழியாக வயலுக்குப் போகும். பக்கத்துச் சிவகங்கை மாவட்டம் கீழடி அகழாய்விலோ சுடுமண் குழாய்கள் ஒன்றோடொன்று பொருத்தியபடியே கிடைத்தன. இதிலெல்லாம் தண்ணீர் சரிவில் தானாக ஓடியது. இணைப்பில் கொஞ்சம் கசிந்தாலும் பெரிய நஷ்டமில்லை.

குடிக்கக் குளம் இருந்தது. 1878-ல் திவானாக வந்து 1894 வரை சமஸ்தான நிர்வாகம் பார்த்த சேஷையா சாஸ்திரி, நகரத்துக் குளங்களைத் தூர்வாரிச் செப்பனிட்டார். குடத்தில் மொண்டு வந்தவரைக்கும் குழாய்க் கவலை ஏது?

மேல்நிலைத் தொட்டி வந்தது. தண்ணீருக்கு அழுத்தம் வந்தது. கூடவே இணைப்புத் தொல்லையும் வந்தது. பெரிய நகரங்களில் வார்ப்பிரும்புக் குழாய் போட்டு, சணலைத் திணித்து ஈயத்தை உருக்கி ஊற்றி அடைத்தார்கள். வீட்டுக்கு ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. நல்ல உறுதி. ஆனால் மரை வெட்டுகிற இடத்தில் பூச்சு போய்விடுகிறது. துரு முதலில் பிடிப்பதும் அங்கேதான். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்து உவர் மண்ணில் கேட்கவே வேண்டாம்.

பி.வி.சி. குழாயை 1930-களில் ஜெர்மனியில் தண்ணீருக்குப் போட்டார்கள். நம் மேட்டூரில் 1967-ல் பி.வி.சி. ஆலை வந்தது. மறு வருஷமே இந்தக் குழாய்க்கு ஐ.எஸ். 4985 என்ற தர அளவு வந்துவிட்டது. துரு இல்லை, விலை குறைவு, பசை தடவி ஒட்டிவிடலாம். வெயிலில் கிடந்தால் மட்டும் நொறுங்கும். அந்தக் காலக் குழாயில் ஈயச் சத்து சேர்ப்பது வழக்கம். அதை ஒழிக்க 2021-ல் மத்திய அரசு விதி போட்டது. ஆகையால் குடிதண்ணீருக்கு ஈயம் கலக்காத குழாயா என்று கேட்டு வாங்குங்கள். தோட்டத்தில் மிஞ்சின பழைய குழாயை வீட்டுக்கு இழுக்க வேண்டாம்.

கறுப்பாகச் சுருளில் வருகிற எச்.டி.பி.இ. குழாய்க்கு ஐ.எஸ். 4984. தெருவிலிருந்து வீடுவரை நூறடி என்றாலும் நடுவில் இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாகப் போடலாம். என்னைக் கேட்டால், மண்ணுக்கடியில் போவதற்கு இதுதான் சரி. அளவு கேட்கும்போது ஒரு விஷயம்: ஜி.ஐ. குழாயை அரை அங்குலம் என்பது ஏறக்குறைய உள்வாய் அளவு. இதில் 20 மி.மீ. என்பது வெளி அளவு.

இணைப்பை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன்? நம் ஊர்களில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை, மணிக்கணக்கில்தான் விடுகிறார்கள். விடும்போது கசிந்த அதே ஓட்டை, நிறுத்தின பிறகு வெளியே கிடக்கும் சாக்கடையை உள்ளே இழுக்கும். வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் அந்த வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். குழாய் புதுசாக இருந்தும், வாய்க்காலுக்குள்ளேயே போட்டு வீணாக்கியவர்கள் உண்டு.

ஆகவே சாக்கடையை விட்டுத் தள்ளி, அதைவிட மேலான மட்டத்தில் போடுங்கள். கடக்கத்தான் வேண்டும் என்றால், அந்த இடத்தில் பெரிய குழாய் ஒன்றைப் போட்டு அதற்குள் நுழையுங்கள். நம் பக்கத்துச் சரளையும் செம்பாறாங்கல்லும் குழாயைக் கீறும்; அடியிலும் மேலும் மணல் பரப்பி, இரண்டடி ஆழத்தில் புதைக்கலாம். பள்ளத்தை மூடும் முன் தண்ணீர் விட்டு, இரண்டு முனையிலும் கசிவு பாருங்கள்.