அசைபோடும் கோளாறு

உண்ட உணவு சில நிமிடங்களில் குமட்டலோ ஓங்கரிப்போ இல்லாமல் வாய்க்கு ஏறிவருவதும், அதை மறுபடி மென்று விழுங்குவதோ துப்பிவிடுவதோ வழக்கமாவதும் இக்கோளாறின் அடையாளம். குறைந்தது ஒரு மாதம் தொடர்ந்தால்தான் மருத்துவர்கள் இப்பெயரைச் சொல்வார்கள். எடை சரியாக ஏறிவரும் கைக்குழந்தை அவ்வப்போது பால் கக்குவது வேறு. அதற்கு அஞ்ச வேண்டாம்.

1618-இல் இத்தாலிய உடற்கூறியலாளர் ஃபாப்ரீசியஸ் இதைப் பதிவு செய்தார். மனிதர் அசைபோடுவதற்கு மாட்டின் தொடர்பைத் தேடிய காலம் அது. மொரிஷியஸில் பிறந்த உடலியலாளர் பிரவுன்-செக்கார் (1817–1894), இரைப்பை நீரை ஆராய நூலில் கட்டிய கடற்பஞ்சைத் தாமே விழுங்கி இழுத்து, கடைசியில் இப்பழக்கத்துக்கே ஆளானார்.

இருபதாம் நூற்றாண்டில் பழி தாயின் மீது விழுந்தது. 1958-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சிலர் தாய்-சேய் உறவின் குறையே காரணம் என எழுதினர். 1969-இல் உயிருக்குப் போராடிய ஒன்பது மாதக் குழந்தைக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கத்தை நிறுத்தினார்கள். 1974-இல் வேறொரு குழந்தையின் வாயில் எலுமிச்சைச் சாறு. பிள்ளைகள் பிழைத்தது உண்மைதான், ஆனாலும் படிக்கும்போது மனம் பதறுகிறது.

அணைப்பும் கவனிப்பும் குறைந்த இடங்களிலும், நெடுநாள் மருத்துவமனையில் கிடக்கும் சிசுக்களிடமும் இது காணப்பட்டது. ஊட்டும்போது மடியில் வைத்துப் பேச்சுக் கொடுப்பதே இன்று முதல் சிகிச்சை. பெற்றோர் கவனிக்க வேண்டியவை: பிள்ளை முதுகை வளைத்துத் தலையைப் பின்னுக்குத் தள்ளி நாக்கைச் சப்புகிறதா, எடை ஏறவில்லையா என்பவை.

1980-இல் அமெரிக்க மனநோய்க் கையேடு இதைக் குழந்தைப் பருவத்துக்கு உரியதாக வைத்தது. 2013 பதிப்பு எந்த வயதிலும் வரலாம் என ஏற்றது. வயிற்றுச் சுவர்த் தசைகள் தாமறியாமல் இறுக, இரைப்பை அழுத்தம் பெரும்பாலும் 30 மி.மீ. பாதரசத்தைத் தாண்டி உணவை மேலே தள்ளுகிறது. அசிடிட்டி என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குவோர் உண்டு. மாத்திரை அந்தத் தசையைத் தொடுவதில்லை. சாப்பிட்டவுடன் வயிறு உப்பி அடங்கும்படி மெதுவாக மூச்சு விடப் பழகினால், அதே நேரத்தில் அத்தசையால் இறுக முடியாது.