அரசனில்லாத கோட்டைக்கு ஓர் அஞ்சல்தலை

நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். வேலூரைப் பற்றிய இந்தப் பழம்பேச்சை அறியாதார் குறைவு. பாலாறு பெரும்பாலும் இன்றும் மணல்தான். கோட்டைக்குள்ளிருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981இல் லிங்கம் மீண்டும் எழுந்தருளியதால் மூன்றாவது குறை தீர்ந்தது. நடுவிலுள்ள குறை மட்டும் 1806 ஜூலை 10 அன்று சில மணி நேரம் தீர்ந்து, அன்றே திரும்பியது. அந்த நாளின் இருநூறாம் ஆண்டு நிறைவுக்கு இந்திய அஞ்சல் துறை 2006 ஜூலை 10இல் ஐந்து ரூபாய் நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது.

புகைச்சல் தொடங்கியது தலைப்பாகையில். சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக், சிப்பாய்களுக்குத் தோல் குச்சம் வைத்த புதுத் தலைப்பாகையைக் கொண்டுவந்தார். அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்றும் ஆணை வந்தது. 1806 மே மாதம் மறுத்து நின்றவர்களுக்குக் கசையடி கிடைத்தது. சிப்பாய்களின் கோபத்துக்குப் பக்கத்திலேயே வேறொரு கனலும் இருந்தது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்பு சுல்தானின் குடும்பத்தைக் கும்பினியார் இதே கோட்டையில்தான் காவலில் வைத்திருந்தனர்.

ஜூலை 9 அன்று திப்புவின் மகளுக்குத் திருமணம். அன்றிரவு கோட்டைக்குள் தங்கிய சிப்பாய்கள் விடியுமுன் எழுந்தனர். கோட்டைத் தளபதி கர்னல் பேன்கோர்ட் மாண்டார். 69ஆம் படைப்பிரிவின் வெள்ளைச் சிப்பாய்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். கொடிமரத்தில் மைசூர்க் கொடி ஏறியது. திப்புவின் மகன் பத்தே ஹைதரை அரசர் என்று அறிவித்தார்கள்.

எஞ்சிய வெள்ளையர் மதில்மேல் ஒண்டியிருக்க, செய்தி ஆற்காட்டுக்குப் பறந்தது. அங்கிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையுடன் 25 கிலோமீட்டர் தூரத்தை விரைந்து கடந்தார். கதவு அடைத்திருந்ததால், மதில்மேல் இருந்தவர்கள் தொங்கவிட்ட கயிற்றைப் பிடித்து அவர் உள்ளே ஏறினார். பின்னால் வந்த பீரங்கிகள் கதவைப் பிளந்தன. நண்பகலுக்குள் கோட்டை மீண்டும் கும்பினி வசம். சிப்பாய்கள் பலரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மாண்ட சிப்பாய்களின் தொகை 350 என்பாரும் 800 என்பாரும் உண்டு. உடை ஆணை திரும்பப் பெறப்பட்டது. மறு ஆண்டு கிராடக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

இத்தனை நடந்தும் அஞ்சல்தலையில் வேலூர் ஏறக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1857 எழுச்சியின் நூற்றாண்டுக்கு, 1957 ஆகஸ்ட் 15 அன்றே இரண்டு தலைகள் வந்துவிட்டன. பதினைந்து நயா பைசாத் தலையில் ஜான்சி ராணி. நிகழ்ச்சியில் 51 ஆண்டு முந்திய வேலூர், அஞ்சல்தலையில் 49 ஆண்டு பிந்தியது.

பிந்தியதற்குக் காரணம் தேடுவோர் ஒன்றைக் கவனிக்கலாம். 1857க்குக் குதிரைமேல் ஒரு ராணி இருந்தார். வேலூருக்கு அப்படி எல்லோரும் அறிந்த ஒரு முகம் அமையவில்லை. அரசரென்று அறிவிக்கப்பட்டவர் வாளெடுத்து முன்னால் வரவில்லை. எழுந்தவர்கள் மாதச் சம்பளக்காரச் சிப்பாய்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்கு எட்டவில்லை. மக்கான் சந்திப்பில் உள்ள நினைவுத்தூணுக்கு ஆண்டுதோறும் ஜூலை 10இல் மாலையிடுவதும் அந்தக் கூட்டத்துக்குத்தான்.

வேலூர் அஞ்சல்தலை வெளிவந்த நாளில் சாதாரணக் கடித உறைக்கு வேண்டிய கட்டணமும் ஐந்து ரூபாய்தான். எனவே அந்தத் தலை சேகரிப்போர் ஏட்டில் மட்டும் தங்காமல், வேலை விண்ணப்பத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் ஒட்டிக்கொண்டு, கறுப்பு முத்திரை வாங்கி ஊர் ஊராகப் போகும் தகுதி பெற்றிருந்தது. பெயர் தெரியாத சிப்பாய்களுக்கு அதைவிடப் பொருத்தமான மதிப்பு வேறில்லை.